பழைய மோட்டார் வண்டிகளின் முன்சக்கர நேர்பாடு
செட்டிகுளம் வட்டார விவசாயிகளுக்குச் சில குறிப்புகள்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த செட்டிகுளம், மலைமேல் தண்டாயுதபாணி கோயிலும் கீழே ஏகாம்பரேசுவரர் கோயிலும் அமைந்த பழைய ஊர். சுற்றுப்புறக் கிராமங்களில் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி ஆகியவை முக்கியப் பயிர்கள். வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைத்து விலை பார்த்து விற்பது இவ்வட்டாரத்து வழக்கம். அத்தகைய பட்டறைக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகையின் கீழ், தகப்பனார் காலத்து அம்பாஸடர் கார் ஒன்று நிற்கும் வீடுகள் இன்றும் உண்டு.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1942-இல் ஏற்பட்டது. இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மாதிரியை ஒட்டி, அக்கம்பெனி அம்பாஸடர் காரை வங்காளத்திலுள்ள உத்தரபாரா தொழிற்சாலையில் செய்து வந்தது. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வுற்பத்தி நின்றுபோயிற்று. ஆகவே, இருக்கும் வண்டியைப் பேணிக் காப்பதன்றிப் புது வண்டி வாங்க வழியில்லை. எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவதில் காட்டும் கவனத்தில் பாதியையேனும் முன்சக்கரங்களின்மீது காட்டுபவர் சிலரே. அதனால் விளையும் நஷ்டமும் அபாயமும் சாமானியமானவையல்ல.

நேர்பாடு கெடுவதால் வரும் நஷ்டம்

ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று வலப்புறமும் மற்றொன்று இடப்புறமும் இழுத்தால் உழவு நடப்பதென்னவோ நடக்கும். ஆனால் மாடுகள் களைக்கும், நுகத்தடி தேயும். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றற்கொன்று இணையாக ஓடாதபோது நேர்வதும் இதுவே. வண்டி முன்னே செல்கிறது. டயரோ ஒவ்வொரு சுற்றிலும் சிறிது பக்கவாட்டில் இழுபட்டு, தார்ச்சாலையில் அரத்தால் ராவியதுபோல் தேய்கிறது.

இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். அம்பாஸடர் காரின் டயர் ஏறக்குறைய 660 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. இரு முன்சக்கரங்களுக்கும் இடையேயுள்ள தூரம், முன் ஓரத்தில் பின் ஓரத்தைவிட 12 மில்லிமீட்டர் குறைவாக இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சக்கரத்தின் பங்கு 6 மில்லிமீட்டர் ஆகும். 660-க்கு 6 என்பது 110-க்கு 1. அதாவது, வண்டி 110 மீட்டர் ஓடுவதற்குள் டயர் ஒரு மீட்டர் தூரம் பக்கவாட்டில் இழுபடும். ஒரு கிலோமீட்டருக்கு 9 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 450 மீட்டர் தூரம் டயரைத் தரையில் வைத்துத் தேய்த்ததற்குச் சமானம். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத பிழை இத்தனை சேதம் செய்யும்.

சிறிது உள்நோக்கி வைப்பதேன்?

முன்சக்கரங்களை மேலிருந்து பார்க்குங்கால், அவற்றின் முன் ஓரங்கள் பின் ஓரங்களைவிடச் சற்று நெருங்கியிருந்தால் அதனை டோ-இன் என்பர். முன் ஓரங்கள் விலகியிருந்தால் டோ-அவுட் என்பர். பின்சக்கரம் தள்ள ஓடும் பழைய கார்களில் சிறிது டோ-இன் வைப்பதே வழக்கம். ஏனெனில், வண்டி ஓடும்போது சாலையின் தடை முன்சக்கரங்களைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மூட்டுகளில் உள்ள சிறு இடைவெளி இடங்கொடுக்க, சக்கரங்களின் முன் ஓரங்கள் சற்றே விரிகின்றன. நிற்கும்போது சிறிது உள்நோக்கி இருந்தால்தான் ஓடும்போது இணையாக நிற்கும். இவ்வகைக் கார்களுக்குச் சாதாரணமாக ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பாகம் முதல் எட்டில் ஒரு பாகம் வரை போதும். அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்தில் கொடுத்துள்ள அளவே முடிவானது.

மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் நிற்கின்றன. நான்கு சக்கர வண்டியில் முன் அச்சு முழுவதையும் திருப்பாமல், சக்கரங்களை மட்டும் தனித்தனியே திருப்பும் ஏற்பாட்டை ஜெர்மனியில் லாங்கென்ஸ்பெர்கர் என்ற வண்டித் தச்சர் கண்டுபிடித்தார். அவருக்காக 1818-இல் இங்கிலாந்தில் ஆக்கர்மான் என்பவர் உரிமைப் பட்டயம் பெற்றார். குதிரை வண்டிக்கென ஏற்பட்ட அந்த ஏற்பாடே பின்னர் மோட்டார் வண்டிக்கும் வந்து சேர்ந்தது. சக்கரங்கள் தனித்தனியே திரும்புவதால்தான் அவற்றை இணைக்கும் டை ராடுகளின் நீளம் சரியாக இருத்தல் அவசியமாயிற்று.

டயர் சொல்லும் சாட்சி

கருவி எதுவும் எடுப்பதற்கு முன் டயரைத் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளங்கையை டயரின் மேற்பரப்பில் குறுக்காக வைத்து, முதலில் வெளிப்புறத்திலிருந்து உட்புறமாகவும், பிறகு உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகவும் நகர்த்த வேண்டும். உட்புறமாக நகர்த்தும்போது வழுவழுப்பாகவும், வெளிப்புறமாக நகர்த்தும்போது அரத்தின் பல் போலக் கையைப் பிடிப்பதாகவும் இருந்தால், டோ-இன் மிகுந்திருக்கிறதென அறியலாம். இதற்கு மாறாக இருந்தால் டோ-அவுட் ஆகும்.

தேய்மானம் யாவும் நேர்பாட்டினால் வருபவையல்ல. இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பாகம் நின்றால் காற்றுக் குறைவு. நடுப்பாகம் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் பிசிறின்றி வழுவழுப்பாகத் தேய்ந்தால், சக்கரம் மேலிருந்து கீழாகச் சாய்ந்து நிற்கிறது. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குழி விழுந்தால் ஷாக் அப்சார்பரையோ சக்கரப் பேரிங்கையோ சந்தேகிக்க வேண்டும். இவற்றை வேறுபடுத்தி அறியாமல் டை ராடைத் திருகத் தொடங்குவது, மண்ணைப் பாராமல் உரமிடுவதற்கு ஒப்பாகும்.

ஓர் உதாரணம்

செட்டிகுளத்து விவசாயி ஒருவரிடம் இருபத்தைந்து வருஷத்து அம்பாஸடர் கார் ஒன்று உள்ளதெனக் கொள்ளலாம். முன்சக்கரங்களுக்குப் புது டயர் போட்டுச் சில மாதங்களிலேயே இரண்டின் வெளி ஓரங்களும் தேய்ந்துவிடுகின்றன. டயர் மட்டமென்று எண்ணி வேறு கம்பெனியின் டயரை வாங்குகிறார். அதுவும் அவ்வாறே தேய்கிறது. பின்னர் ஒருவர், "டை ராடை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் தீர்ந்தது" என்கிறார். இவ்விடத்தில்தான் விவசாயி நிதானிக்க வேண்டும். சுற்றுவது கடைசி வேலை. முதல் வேலை ஆட்டம் பார்ப்பது.

முதலில் ஆட்டம் பார்த்தல்

1. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அணை கொடுத்து, ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டின்மீதோ பலமான மரக்கட்டைகளின்மீதோ வண்டியை இறக்கி நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் தலை நுழைக்கலாகாது.

2. சக்கரத்தின் மேலும் கீழும் கை கொடுத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், மற்றொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்ட வேண்டும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குறை சக்கரப் பேரிங்கில் உள்ளது. அப்போதும் ஆடினால் கிங் பின்னிலோ அதைச் சார்ந்த புஷ்களிலோ உள்ளது.

3. அடுத்து, சக்கரத்தின் இடமும் வலமும் பிடித்து ஆட்ட வேண்டும். இவ்வாட்டம் டை ராடின் முனை மூட்டையோ ஸ்டியரிங் ராக்கையோ காட்டும். வண்டியைத் தரையில் இறக்கியபின், ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக இப்படியும் அப்படியும் அசைக்க, மற்றொருவர் டை ராடு எண்ட் மீது விரல் வைத்துப் பார்த்தால், தேய்ந்த மூட்டு தட்டுவது விரலுக்கே தெரியும்.

மேற்சொன்ன உதாரணத்தில், இடப்புற டை ராடு எண்ட் ஆடுவது இச்சோதனையில் வெளியாகிறது. டயர் தேய்ந்ததற்குக் காரணம் நேர்பாடே ஆனாலும், அதைவிடப் பெரிய அபாயம் இம்மூட்டில் ஒளிந்திருந்தது. டயர் போனால் பணம் போகும். திருச்சிக்கு வெங்காய விலை பார்க்கப் புறப்பட்ட குடும்பத்தோடு பாடாலூரில் சென்னை–திருச்சிப் பெருஞ்சாலையில் ஏறி, வேகமாகப் போகும்போது மூட்டுக் கழன்றால், ஸ்டியரிங் கையில் இருந்தும் சக்கரம் கையில் இராது. ஆட்டமுள்ள மூட்டின்மேல் நேர்பாடு செய்வது வீண். அது செய்த வேலையையும் கெடுத்து, எல்லாம் சரியாயிற்றென்ற பொய்த் தைரியத்தையும் தரும்.

ஆகவே, தேய்ந்த மூட்டை முதலில் மாற்ற வேண்டும். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதை அத்தனை சுற்றே ஏற்றினால் நீளம் ஏறக்குறைய முன்போல் அமையும். கழற்றிய பிளவு ஊசியை மறுபடி உபயோகிக்கலாகாது. புதியதே போட வேண்டும்.

அளக்கும் முறை

அளப்பதற்குச் சமதளம் வேண்டும். கிராமத்துச் சிமெண்டு உலர்களம் இதற்கு மிகவும் ஏற்றது. கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, வாட்டமில்லாத பாகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேவையானவை: அளவு நாடா, தூக்குக்குண்டு கட்டிய நூல், சாக்குக்கட்டி, ஓர் ஆணி, நீண்ட நூல்கயிறு.

முதலாவதாக, நான்கு டயர்களிலும் கைப்புத்தகத்தில் கண்டபடி காற்றுப் பிடிக்க வேண்டும். வண்டியில் வெங்காய மூட்டை முதலிய பாரம் எதுவும் இருக்கலாகாது.

இரண்டாவதாக, ஒவ்வொரு முன்சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி, டயரின் நடுப்பாகத்தில் சாக்குக்கட்டி பூசி, ஆணியை ஆடாமல் ஒரு கட்டையின்மீது ஊன்றிப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். டயரைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று விழும். சக்கர வளையம் சற்றுக் கோணலாயிருந்தாலும் இக்கோடு பொய்க்காது.

மூன்றாவதாக, வண்டியை இறக்கி, முன்பக்கத்தைக் கையால் இரண்டு மூன்று தடவை அமுக்கி விட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரண்டு மூன்று மீட்டர் முன்னோக்கி உருட்டி நிறுத்த வேண்டும். பின்னோக்கி உருட்டி நிறுத்தினால் சக்கரங்கள் வேறு விதமாக நின்று அளவு தவறும்.

நான்காவதாக, சக்கர மையத்தின் உயரத்தில், டயரின் முன் ஓரத்திலுள்ள கோட்டின்மீது நூலைப் பிடித்துத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது காட்டும் இடத்தைத் தரையில் குறிக்க வேண்டும். பின் ஓரத்திலும் அவ்வாறே குறிக்க வேண்டும். இரு சக்கரங்களுக்குமாக நான்கு புள்ளிகள் கிடைக்கும். பிறகு வண்டியை அப்பால் உருட்டிவிட்டு, முன் புள்ளிகள் இரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தையும், பின் புள்ளிகள் இரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தையும் அளக்க வேண்டும். முன்னது 1,352 மில்லிமீட்டர், பின்னது 1,364 மில்லிமீட்டர் எனில், டோ-இன் 12 மில்லிமீட்டர் ஆகும். அது மிகையே. இம்முறையில் இருமுறை அளந்து, இரண்டும் ஒத்து வந்தால் மட்டுமே மேலே செல்ல வேண்டும்.

ஐந்தாவதாக, சக்கர மைய உயரத்தில், பின்சக்கரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டபடி நூல்கயிற்றை முன்னோக்கி இழுத்துக் கட்டி, முன்சக்கரத்திற்கும் கயிற்றிற்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் பார்க்க வேண்டும். இரு சக்கரங்களும் கயிற்றிலிருந்து ஒரே விதமாக நின்று, அப்போது ஸ்டியரிங் சக்கரமும் நேராக இருந்தால், டை ராடுகள் இரண்டும் சம நீளத்தில் உள்ளன எனலாம்.

திருத்தும் முறை

டை ராடின் திருகுமரையைக் கம்பித் தூரிகையால் துலக்கி, எண்ணெயிட்டு ஊறவிட வேண்டும். லாக் நட்டைத் தளர்த்தும்போது மூட்டின் முனையை வேறொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுதல் அவசியம். ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளாதபடி அதன் கட்டையும் தளர்த்த வேண்டும்.

எப்பக்கம் திருகுவது என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, பார்த்தே அறியலாம். டை ராடு சக்கர மையத்திற்குப் பின்னால் இருந்தால், அதனை நீட்டுவது பின் ஓரங்களை விலக்கி டோ-இன்னை அதிகமாக்கும். குறுக்குவது டோ-இன்னைக் குறைக்கும். டை ராடு மையத்திற்கு முன்னால் இருந்தால் இது தலைகீழாகும்.

இரு டை ராடுகளையும் சமமாகவே திருக வேண்டும். ஒன்றை மட்டும் திருகினால் அளவு சரியாக வந்தும் ஸ்டியரிங் சக்கரம் கோணலாக நிற்கும். வண்டி ஒருபுறம் அதிகமாகவும் மறுபுறம் குறைவாகவும் திரும்பும். டை ராடு பற்றியுள்ள கை குட்டையானது, டயரோ பெரியது. ஆகையால் திருகில் ஏற்படும் சிறு மாறுதல் டயரின் ஓரத்தில் பல மடங்காகத் தெரியும். எனவே, ஒவ்வொரு பக்கமும் கால் சுற்று மட்டும் திருகி, வண்டியை முன்னோக்கி உருட்டி, மறுபடி அளக்க வேண்டும். முதல் கால் சுற்று எத்தனை மில்லிமீட்டர் மாறுதல் தந்ததென்று தெரிந்துகொண்டால், மீதிக்கு எவ்வளவு தேவை என்பது கணக்கில் வந்துவிடும்.

அளவு சரியானதும் லாக் நட்டுகளை இறுக்கி, இறுக்கியபின் மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும். இறுக்கும்போதே அளவு நகர்ந்துவிடுவது உண்டு. மூட்டுகள் கோணலாக நிற்காமல் தாராளமாக அசைகின்றனவா, திருகுமரை போதிய அளவு உள்ளே பற்றியிருக்கிறதா என்பவற்றையும் பார்த்தல் வேண்டும். பின்னர், ஆளில்லாத நேரான சாலையில் மெதுவாக ஓட்டி, வண்டி ஒருபுறம் இழுக்கிறதா, வளைவில் திருப்பியபின் ஸ்டியரிங் தானே நேருக்கு வருகிறதா எனக் கவனிக்க வேண்டும். சுமார் 500 கிலோமீட்டர் ஓடியபின் டயரை மறுபடியும் தடவிப் பார்த்தால், வேலையின் குணம் தெரியும்.

திருகினால் தீராதவை

சக்கரத்தின் சாய்வாகிய கேம்பரும், கிங் பின்னின் சாய்வாகிய காஸ்டரும் டை ராடினால் திருந்துபவையல்ல. அம்பாஸடர் காரின் முன்பக்கத்தைத் தாங்குவது டார்ஷன் பார் எனும் முறுக்குக் கம்பி. அது தளர்ந்து வண்டி ஒருபுறம் தாழ்ந்தாலும், புஷ்கள் நைந்தாலும், பள்ளத்தில் மோதிக் கைகள் வளைந்தாலும், இச்சாய்வுகள் மாறும். அத்தகைய வண்டியையும், ஸ்டியரிங் ராக்கே தேய்ந்த வண்டியையும் பெரம்பலூரிலோ திருச்சியிலோ உள்ள நல்ல பட்டறைக்கு அனுப்புவதே முறை. வளைந்த டை ராடைச் சம்மட்டியால் தட்டி நிமிர்த்தி உபயோகிப்பது உயிருக்கு உலை வைப்பதாகும்.

கரிசல் மண் வழிகளில் மழைக்காலத்து வண்டித்தடம் காய்ந்து கல்போல் இறுகிவிடும். அத்தடத்தில் வேகமாக இறங்கி ஏறுவதே இவ்வட்டாரத்தில் நேர்பாடு கெடுவதற்கு முக்கிய காரணம். கிரீஸ் இடாமையும் மற்றொரு காரணம். கிரீஸ் நிப்பிள்களைச் சேறு போகத் துடைத்து, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதியது ஏற்றிவந்தால், மூட்டுகளின் ஆயுள் நீளும்.

டிராக்டருக்கும் இதுவே

இதே முறை டிராக்டரின் முன்சக்கரங்களுக்கும் பொருந்தும். பயிர் வரிசைக்குத் தக்கபடி முன் அச்சை நீட்டியோ குறுக்கியோ வைக்கும் டிராக்டர்களில், அச்சை மாற்றிய ஒவ்வொரு தடவையும் டை ராடுகளையும் சமமாக மாற்றி, நேர்பாட்டை அளந்து பார்க்க வேண்டும். அச்சை மட்டும் மாற்றி, டை ராடைக் கண்ணால் மட்டம் பார்த்து விடுவது பலருடைய வழக்கம். முன் டயர்கள் காலத்திற்கு முன் தேய்வதற்கு அதுவே காரணம். டிராக்டருக்குரிய டோ-இன் அளவு காருக்குரியதன்று. அதன் கைப்புத்தகத்தைப் பார்த்தே வைக்க வேண்டும்.

பதினைந்து வருஷம் கடந்த சொந்தக் கார்களின் பதிவைப் புதுப்பிக்க, வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டியிருப்பதைக் கிராம அதிகாரிகள் அறிவர். அவ்வாய்வு வரும் வரையில் காத்திராமல், வெங்காயம் பட்டறையில் இருக்கும் ஓய்வு நாட்களில் ஒரு காலைப்பொழுதை இவ்வேலைக்கு ஒதுக்குமாறு விவசாயிகளுக்கு அவர்கள் எடுத்துரைக்கலாம். உலர்களம் ஊருக்குப் பொதுவானது. தூக்குக்குண்டும் நூலும் கொத்தனாரிடம் உள்ளன. ஆட்டம் பார்த்து, அளந்து, கால் சுற்றாகத் திருகி, மறுபடி அளப்பவருடைய வண்டியில் டயரும் நிலைக்கும். அதில் ஏறுகிறவர்களும் பத்திரமாக வீடு வந்து சேர்வர்.